ஈரச் சாக்கு

இழுப்பு என்றால் மூச்சை உள்ளே இழுக்க முடியாத நோய் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இழுத்ததை வெளியே விடுவதில்தான் கஷ்டம். உள்ளே போன காற்று, விருந்துக்கு வந்து கிளம்ப மனசில்லாத உறவுக்காரர் மாதிரி, போன இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அது கிளம்பினால்தானே அடுத்தது வரமுடியும்? கஷ்டப்பட்டு விடும்போது நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கும். டாக்டர்கள் அதை வீசிங் என்கிறார்கள். அந்தச் சத்தத்தை ஒருமுறை தன் நெஞ்சில் கேட்டவள் பிறகு எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படித்தான் நானும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன். பால்வாடிக்குப் போகிறேன், பிள்ளைகளோடு பாட்டுப் பாடுகிறேன், முருங்கைக்கீரையில் கல் இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிப் போடுகிறேன். விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகும்போது பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் கேட்பார்கள்: "உனக்கு எப்பிடிம்மா செரியாச்சி?" மருந்து, மிஷின், டெஸ்ட் எல்லாவற்றையும் சொல்வேன். அது பாதிக் கதை. மிச்சப் பாதி என் ஓரகத்தியைப் பற்றியது. அதை பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. என் கணவர் அந்தோணி தம்பி. அண்ணன் சவரி மாமா, அவர் மனைவி மதலேன். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் எல்லாரும் ஹாஸ்டலில் படித்தார்கள். எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவோம். எங்கள் தேவைக்குப் போக, மற்றவர்களுக்கும் விதை மல்லாட்டை உரித்துக் கொடுப்பது எங்கள் வீட்டுத் தொழில். மிஷினில் போட்டால் பருப்பின் மேல்தோல் கிழிந்து, முளைக்காமல் போய்விடும். விதைக்கு என்றால் கையால்தான் உரிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் விதைப்புக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வறண்ட காயை உரித்தால் நகம் பிய்ந்துவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே காயைக் குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைப்போம். மறுநாள் ஓடு நமுத்துப்போய், கட்டைவிரலால் அழுத்தினாலே பட்டென்று திறந்துகொள்ளும். தண்ணீர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதில் அக்கா கெட்டிக்காரி. கூடிப்போனால் பருப்பு கெட்டுவிடும், குறைந்தால் விரல் கெட்டுவிடும். காலையில் சாக்கை விலக்குவதும் அவள்தான். விலக்கியதும் மழைக்கு நனைந்த மண்சுவர் போல ஒரு வாசம் குப்பென்று எழும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிக்கும்.

புயல் வந்து போன வருஷம் அது. மழை விட்டபாடில்லை. மூட்டைகளெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டன. எனக்கு முதலில் வெறும் தும்மல்தான். காலையில் எழுந்ததும் தொடங்கினால் ஓயாது. கண் அரிக்கும், மூக்கு தண்ணீராக ஒழுகும், மேலண்ணம் நமைக்கும். ஜலதோஷம் என்று மிளகு கஷாயம் குடித்தேன். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால்வாடியில் பிள்ளைகளுக்கு முன்னால் தூங்கி வழிந்தேன். பிறகு இருமல் வந்தது. விட்டுவிட்டு, வறட்டு இருமல். இருமி இருமி விலாவெல்லாம் வலித்தது.

என் அப்பாவின் தம்பி காசநோயில்தான் போனார். அது எனக்குள் எப்போதும் இருக்கும் பயம். யாரிடமும் சொல்லாமல் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டேன். அக்கா பார்த்தாள்.

"இன்னாடி இது தனி டம்ளரு? நீ இன்னா கலெக்டரா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் என் டம்ளரை எடுத்து, நான் மிச்சம் வைத்திருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.

"போ. வந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரட்டும். தொணைக்கு ஆளாச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுப்புப் புகை என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நானும் புகை என்றே நினைத்தேன்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஆனால் இருமல் மட்டும் போகவில்லை. பால்வாடிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே படுத்தேன். நான் தனியாக அறையில் கிடப்பதை அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"தனியா படுத்துக்கினு மோட்டுவளையப் பாத்துக்கினு இருந்தா மனசு கெட்டுப் போவும். நாங்க உள்ளயே உக்காந்து உரிக்கிறோம். நீ படுத்துக்கினே கதை கேளு."

அதன்படி மல்லாட்டைக் குவியல் கூடத்திலிருந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. குளிர் காற்று எனக்கு ஆகாது என்று என் கணவர் ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழந்துணியும் செருகினார். பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே உரித்தார்கள். ஓடு ஒரு பக்கம் குவிந்தது. நான் கதை கேட்டுச் சிரித்தேன், சிரித்துவிட்டு இருமினேன். இவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் நமக்கு ஏன் உடம்பு தேறவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் காலை அக்கா சாக்கை விலக்கினாள். கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சை யாரோ கயிற்றால் சுற்றி இறுக்குவதுபோல் இருந்தது. பேச வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டதாம், பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது அக்காவின் குரல் மட்டும்தான்.

"அந்தோணி, வண்டிக்குப் போன் போடு! ஜல்தி! ஜல்தி!"

ஆம்புலன்ஸில் என் தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள். திண்டிவனத்தில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி வைத்தார்கள். மிஷின் கடகடவென்று ஓட, மருந்து பனிமூட்டமாக மாறி உள்ளே போனது. நெபுலைசர் என்று பெயர். எங்கள் ஜனங்கள் 'கேஸ் வைக்கிறது' என்பார்கள். உள்ளே மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கிக் கிடக்கும். மருந்து அவற்றைத் தளர்த்தும். அது போகப் போகக் கயிறு அவிழ்ந்தது. முதல் முழு மூச்சு வெளியே போனபோது அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி, புருஷன் அடித்துவிட்டானோ என்று அக்காவிடம் விசாரித்தாளாம்.

சில நாளில் தேறிவிட்டேன். நர்ஸுகளோடு பேச்சு, வார்டில் நடை, நன்றாகச் சாப்பாடு. வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடியும் தும்மல், இருமல், விசில். இந்த முறை விழுப்புரத்தில் நெஞ்சு நோய் பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள், வீட்டுக்கு வந்தால் படுத்துவிடுகிறாள், கூட்டுக் குடும்பத்து வேலைக்கு வளையாத உடம்பு என்றார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு வள்ளி மட்டும் உண்மையான அக்கறையோடு சொன்னாள்:

"மேல்மலையனூருக்கு ஒரு அமாவாசை போய்க்கினு வாங்க டீச்சர். அங்காளம்மா பாத்துக்குவா."

அதற்கு அக்கா, "மூச்சு குடுக்கிற சாமி எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாம்மா. ஆனா அந்தக் கும்பல்ல இவளக் கூட்டிக்கினு போனா இருக்கிற மூச்சும் பூடும். கொஞ்சம் தேறட்டும்" என்றாள்.

விழுப்புரத்து நாட்களில் அக்காதான் என்னுடன் இருந்தாள். வார்டு மாடியில். டெஸ்டுக்குக் கீழே போய்விட்டுத் திரும்ப ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவாள். "நீ போய்க்கினே இரு, செருப்பு வாரு லூசா இருக்குது" என்பாள். நர்ஸ் பிடித்துக்கொள்ள நான் மெதுவாக மேலே போய்விடுவேன். ராத்திரியில் அவள் கீழே பாய் விரிப்பாளே தவிர, படுக்கமாட்டாள். சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். கேட்டால், படுத்தால் முதுகு வலிக்கிறது என்பாள். எனக்காகத்தான் விழித்திருக்கிறாள் என்று எண்ணி உருகினேன். அப்போது அப்படித்தான் எல்லாவற்றையும் எனக்காக என்றே எண்ணிக்கொண்டேன். நோயாளிக்கு உலகமே தன் கட்டிலைச் சுற்றித்தான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்று ஒரு அணு. உடம்புக்கு ஒவ்வாதது ஏதாவது உள்ளே வந்துகொண்டிருந்தால் அது பெருகும். எனக்கு ஏகத்துக்குப் பெருகியிருந்தது. குழாயில் ஊதச் சொன்னார்கள். நுரையீரலிலிருந்து காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கும் டெஸ்ட். டெஸ்ட் எடுக்கும் பையன் "ஊது ஊது ஊது, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று கபடி ஆட்டத்தில் கத்துவதுபோல் கத்தினான். வெளியே பெஞ்சில் இருந்த அக்கா, யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று எழுந்து உள்ளே வந்துவிட்டாள். "ஏம்பா, நோவுல கெடக்கிறவள ஏன் வெரட்டுற?" என்று கேட்டு அவனையும் சிரிக்க வைத்தாள்.

பில் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. என் கணவர் மருந்துச் சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். "எவ்ளோ ஆச்சிங்க?" என்று கேட்டால், "சுளை இனிக்குதா?" என்பார். பிறகு வீட்டுக்குத் திரும்பியபோது கொட்டகையில் கறவை மாடு இல்லை. அது அக்கா கன்றிலிருந்து வளர்த்த மாடு.  எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்தும் இந்த முறை சரியாகத் தேறவில்லை. அதுதான் டாக்டரைக் குழப்பியது. வயதில் சின்னவர், பொறுமையான பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் பூனை இருக்கிறதா? புதுத் தலையணையா? சுவரில் ஓதம் உண்டா? ஊதுபத்தியா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன்.

"அப்ப எங்கயோ பூசணம் இருக்கணும். பூஞ்சைக்குக் காத்துல பறக்கிற பொடி இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. அது சில பேருக்கு ஒத்துக்காது."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வூட்ல சோறே மிச்சமாவாது டாக்டரம்மா. பூசணம் எங்கேர்ந்து பூக்கும்?"

சொல்லிக்கொண்டே அவள் கை அதன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். அக்காவின் மடியில் விதை மல்லாட்டை. விதைப்பு நெருங்கிவிட்டதே, சும்மா உட்கார்ந்திருந்தால் யார் உரிப்பது என்று ஊரிலிருந்து ஒரு சின்ன மூட்டை கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். மாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தெளித்து, ஈரச் சாக்கும் போட்டு மூடியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் மல்லாட்டை நமுக்கவைக்கும் ஆட்கள் இந்த ஜில்லாவில் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் குனிந்து சாக்கை விலக்கினார். அந்த வாசம் எழுந்தது. ஒரு காயை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உடைத்தார். ஓட்டின் உள்பக்கம் சாம்பலும் பச்சையுமாக ஒரு பூச்சு. வெயிலில் மெல்லிய புகைபோல் ஒரு பொடி கிளம்பிக் கலைந்தது. நான் அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"இதாங்க," என்றார் டாக்டர். "இதை எத்தனை வருஷமா வீட்டுக்குள்ள பண்றீங்க?"

அக்கா உரிப்பதை நிறுத்தினாள். மடியிலிருந்ததைச் சாக்கில் கொட்டி, சாக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தலை நனைந்திருந்தது, புடவை மாற்றியிருந்தாள். குழாயடியில் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். என் கட்டிலுக்குக் கிட்டே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நாந்தாண்டி உன் பக்கத்துல கொண்டாந்து கொட்டினேன். நானே கொண்டாந்து கொட்டினேன்."

"தெரிஞ்சா செஞ்ச? உள்ள வாக்கா."

வந்தாள். அன்று முழுக்க அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. குற்றம் அவளுடையது என்று அவள் நினைத்தாள். அப்போது எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் வசதியாகத்தான் இருந்தது. இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

சாக்கு போன பிறகு மளமளவென்று தேறினேன். தும்மல் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் வரச் சொன்னார்கள். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து ஒவ்வொன்றையும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். வீட்டுத் தூசி, கரப்பான், பூனை முடி, மகரந்தம் என்று ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொன்று. எது ஒவ்வாதோ அந்த இடம் கொசுக் கடிபோல் தடிக்கும். எனக்கு மற்றதெல்லாம் சும்மா இருக்க, பூஞ்சை வைத்த இடங்கள் மட்டும் தடித்துச் சிவந்து அரித்தன. சந்தேகம் தீர்ந்தது. தினமும் உறிஞ்ச ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைப் பிடித்தால் விடமுடியாது என்று ஊரில் பயமுறுத்தினார்கள். அது பொய். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி வரவேண்டும். இது நேராக நெஞ்சுக்கே போவதால் கொஞ்சம் மருந்து போதும், அவ்வளவுதான்.

ஆனால் மருந்தோடு டாக்டர் சொன்ன இன்னொன்று வீட்டைக் கலக்கியது. மல்லாட்டை இருக்கும் இடத்தில் நான் இருக்கக்கூடாது. ஒன்று அது வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நான். என் கணவர் தனிக்குடித்தனம் போகலாம் என்றார். சவரி மாமா துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். என் மூச்சுக்காக ஒரு அடுப்பு இரண்டாகப் பிரிய வேண்டுமா என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அக்காதான் முடித்துவைத்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? மூட்டையெல்லாம் நெலத்துல இருக்கிற மோட்டார் கொட்டாயில போடுங்க. உரிக்கிறத அங்க வச்சிக்கினா ஆச்சி. இவ வூட்ல இருக்கட்டும்."

"அவ்ளோ தூரம் பொம்பளைங்க வரமாட்டாங்களே," என்றார் மாமா.

"வர்றவங்க வரட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, என் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அக்கா காலையில் கொட்டாய்க்குப் போவாள், பொழுது சாய வருவாள். வந்ததும் தொட்டிக்கரையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். மார்கழிக் குளிரில், ஒரு நாள் தவறாமல். வேண்டாம் அக்கா என்றால், "தல அரிக்குதுடி" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் அவளுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கொட்டாய்க்கு வெளியே நின்று கூப்பிடுவதாகத்தான் உத்தேசம். வரப்பில் நடந்து கிட்டே போகும்போது அந்த விசில் கேட்டது.

என் நெஞ்சுதான் என்று நினைத்தேன். துணியையும் மீறிப் பொடி உள்ளே போய்விட்டது என்று பயந்து அப்படியே நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

விசில் நிற்கவில்லை.

மோட்டார் ஓடவில்லை, கரெண்டு இல்லாத நேரம். கொட்டாய் இருட்டில் அக்கா மட்டும் தனியாகக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள்களைத் தூக்கிக்கொண்டு. நான் இழுப்பு வந்தால் உட்காருவேனே, அதே மாதிரி. காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த காயை எடுத்து உடைத்தாள்.

படியில் நின்றது, படுக்காமல் சாய்ந்து தூங்கியது, அடுப்புப் புகை என்று இருமியது எல்லாம் எனக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பக்கத்து அறையில் அவள் குறட்டை விடுகிறாள் என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அக்கா."

திரும்பினாள். "ஏய், நீ ஏண்டி இங்க வந்த? அங்கயே நில்லு, அங்கயே நில்லு!" எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"எத்தினி நாளா இது?"

"எது?"

"இந்த இழுப்பு."

"அது கெடக்குது. நீ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்குது. பனி போனா அதுவும் பூடும்."

"டாக்டரம்மா அன்னிக்கு ஓட்ட உடைச்சிக் காட்டினாங்களே. அப்பவுமா உனக்குத் தெரியல?"

அக்கா தூக்குவாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள். "கருவாடா," என்றாள். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"தெரிஞ்சிச்சி. சொல்லி இன்னா பண்றது? ரெண்டு பேரும் படுத்துக்கினா ஒலை யாரு வைக்கிறது? நீ நாலு எழுத்து படிச்சவ, சம்பளத்துக்குப் போறவ. உன்ன மொதல்ல எழுப்பணும் இல்ல?"

நான் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டேன். ஏன் அவிழ்த்தேன் என்று தெரியவில்லை. அது முகத்தில் இருக்கும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. "கட்டுடி அத!" என்று அக்கா அதட்டினாள். இரண்டு பேரும் வரப்பிலேயே நின்று அழுதோம். அழுவதற்கும் மூச்சு வேண்டும், அது அவளிடம் இல்லை. அதனால் முதலில் அவள்தான் நிறுத்தினாள்.

அன்றைக்கே என் கணவரிடமும் மாமாவிடமும் சொன்னேன். மாமா, "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்வாள்? எனக்கே என் நெஞ்சில் வந்த பிறகுதானே காது கேட்டது. அந்த மிச்ச மூட்டைகளை அப்படியே மிஷினுக்கு, எண்ணெய்க்குப் போட்டுவிட்டோம். எங்கள் நிலத்துக்கு உரித்த விதையை வெளியே வாங்கினோம், இன்றுவரை அப்படித்தான். பருப்பு ஒவ்வொன்றும் தோல் கிழியாமல் அழகாக இருக்கிறது. எந்த ஊரில், எந்தக் கூடத்தில், யார் உட்கார்ந்து உரித்தது என்று வாங்கும்போது நாங்கள் கேட்பதில்லை. எனக்கு மட்டும் அந்த விதைப் பையைத் தொடும்போது காது தன்னால் கூர்மையாகிவிடும்.

அக்காவை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை படியில் நானும் அவளோடு பாதியில் நின்றேன். அதே பெஞ்சு. அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. பழக்கத்தில் என்னைப் பார்த்து, "உன்னக் கூப்பிடறாங்க பாரு" என்றாள். அந்தப் பையன் குழாயை அவள் வாயில் வைத்து, "ஊது ஊது ஊது!" என்று கத்தினான். உள்ளே ஓடிப்போய் ஏன் விரட்டுகிறாய் என்று கேட்க எனக்கு அவளைப்போல் தைரியம் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கத்திய நேரத்தில் பாதிகூட அவளால் ஊத முடியவில்லை.

டாக்டர் படத்தையும் பேப்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் குழாய்கள் வீங்கி மட்டும்தான் இருந்தன, வீக்கம் வடிந்துவிட்டது. அக்காவுக்கு வருஷக்கணக்காக வீங்கி வீங்கி அப்படியே தடித்துப்போய்விட்டன. மருந்து கொடுத்தால் படி ஏறலாம், படுத்துத் தூங்கலாம். ஆனால் போன மூச்சில் பாதி இனிமேல் திரும்பாது.

பிறகு அக்கா பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "ஏம்மா, இவ்ளோ வருஷமா இத வச்சிக்கினு ஆஸ்பத்திரிப் பக்கமே வராம இருந்திருக்கீங்களே?"

அக்கா தப்பு செய்த பிள்ளை மாதிரி விழித்தாள். என்னைக் காட்டினாள்.

"வந்துக்கினுதானே இருந்தேன் டாக்டரம்மா, இவகூட."